80 டாலர் பிபிவியில் பாக்ஸர் கைக்கு எவ்வளவு போகுது? கள்ள ஸ்ட்ரீம் யாரைப் பாதிக்குது?

இடதுகை_ஜாப் (கேள்வி)

வணக்கம். பெரிய சண்டை வருகிற ஒவ்வொரு வாரமும் இங்கே ஒரே தகராறு. ஒருத்தர் "லிங்க் இருக்கா?" என்பார். உடனே இன்னொருத்தர் "உங்களாலதான் பாக்ஸிங் அழியுது" என்று பாய்வார். மூன்றாவது ஆள் வந்து, "ஒரு ராத்திரிக்கு 80 டாலர் கேக்கற புரமோட்டரை முதல்ல கேளுங்க" என்பார். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். பிபிவிக்கு (பே-பர்-வியூ, ஒரு சண்டையைப் பார்க்கத் தனியாக வாங்குவது) கட்டும் காசில் பாக்ஸருக்கு எவ்வளவு சேரும்? கள்ள ஸ்ட்ரீம் பார்க்கிறவரால் யாருக்கு நட்டம், எப்போது நட்டம்? கால்பந்து லீக்குகள் ஓரளவு தடுக்கிற இந்தத் திருட்டை பாக்ஸிங்கில் ஏன் தடுக்க முடியவில்லை? புரமோட்டர், ரசிகர், திருட்டு ஸ்ட்ரீம் மூன்றில் பாக்ஸிங்கை அதிகம் கெடுப்பது எது? அமெச்சூர், ஒலிம்பிக் வேண்டாம். தொழில்முறை பாக்ஸிங் மட்டும் பேசுவோம்.

ரிங்சைடு_கணக்கு

காசுக் கணக்கை நான் சொல்கிறேன். எண்கள் புரிவதற்காக ஒரு மாதிரி போடுகிறேன், எந்தக் குறிப்பிட்ட சண்டையின் கணக்கும் இல்லை.

விலை 80 டாலர், அமெரிக்காவில் 2 லட்சம் பேர் வாங்குகிறார்கள். மொத்தம் 1.6 கோடி டாலர். இதில் ஏறக்குறைய பாதியை கேபிள், சேட்டலைட், ஆப் நடத்துகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கேபிள் காலத்திலிருந்தே கிட்டத்தட்ட அதுதான் வழக்கம். சண்டையை ஏற்பாடு செய்யும் புரமோட்டர் பக்கம் வருவது 80 லட்சம். மெயின் ஈவென்ட் (கடைசியில் வரும் முக்கியச் சண்டை) இருவருக்கும் உத்தரவாதம் செய்த தொகை 60 லட்சம், அண்டர்கார்டு (அதற்கு முன் நடக்கும் சண்டைகள்) மொத்தமும் 10 லட்சம், கேமரா, தயாரிப்பு, விளம்பரத்துக்கு 15 லட்சம் என்றால் அப்போதே 5 லட்சம் துண்டு விழுகிறது. வாசல் டிக்கெட், வெளிநாட்டு உரிமை, ஸ்பான்சர் எல்லாம் சேர்ந்துதான் அதை ஈடுகட்டி லாபம் காட்ட வேண்டும்.

இப்போது காசு கொடுத்திருக்கக்கூடிய 30,000 பேர் கள்ள ஸ்ட்ரீமுக்குப் போனார்கள் என்று வைப்போம். 24 லட்சம் டாலர் குறையும், புரமோட்டர் பக்கம் 12 லட்சம். ஸ்ட்ரீம் பார்த்த மொத்தத் தலையையும் 80 ஆல் பெருக்கி நட்டம் சொல்வது தப்புக் கணக்கு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அதில் பெரும்பாலோர் எந்த விலைக்கும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

அந்த 12 லட்சம் யார் பையிலிருந்து போகிறது? அன்றைய ராத்திரியில் பாக்ஸர் பையிலிருந்து நேரடியாகப் போகாது. ஒப்பந்தத்தில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று உத்தரவாதத் தொகை. எத்தனை பேர் வாங்கினாலும் இது கிடைத்தாக வேண்டும். இன்னொன்று அப்சைட். ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் அதற்கு மேல் ஒவ்வொரு விற்பனைக்கும் இத்தனை டாலர் என்று எழுதியிருப்பார்கள். திருட்டு முதலில் கடிப்பது இந்த அப்சைடை. அது மெயின் ஈவென்ட் நட்சத்திரத்துக்கு மட்டும்தான் உண்டு. 4 ரவுண்ட் ஆடுகிற அண்டர்கார்டு பையனுக்கு 1,500, 2,000 டாலர் என்று ஒரே தொகை. 50,000 பேர் வாங்கினாலும் 5 லட்சம் பேர் வாங்கினாலும் அவனுக்கு அதேதான்.

ஆனால் அத்தோடு முடிவதில்லை. இந்தச் சண்டை விற்ற எண்ணிக்கையை வைத்துத்தான் அடுத்த சண்டையின் உத்தரவாதத் தொகையைப் பேசுவார்கள். "போன தடவை ஒன்றே முக்கால் லட்சம்தான் போச்சு" என்ற ஒரு வரி பேரத்தில் பெரிய தொகையைக் கழித்துவிடும். பட்ஜெட் இறங்கினால் நட்சத்திரத்தின் சம்பளத்தை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது, அவர் வேறு புரமோட்டரிடம் போய்விடுவார். வெட்டு விழுவது அண்டர்கார்டில். நல்ல எதிராளிக்குப் பதில் மலிவான எதிராளி, 6 சண்டைக்குப் பதில் 4 சண்டை. கள்ள ஸ்ட்ரீம் ஆறு மாதம் கழித்து, பெயரே தெரியாத ஒருவனின் வாய்ப்பாகக் குறைகிறது. அதனால்தான் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

பாக்ஸர் வாங்கும் தொகையும் முழுசாக அவருடையது இல்லை. பயிற்சியாளருக்கு வழக்கமாக 10 சதவீதம். மேனேஜருக்கு நெவாடா விதிப்படி மூன்றில் ஒரு பங்கு வரை, பிரிட்டனில் 25 சதவீதம் வரை போகலாம். பட்டத்துக்கான சண்டை என்றால் பெல்ட் தரும் அமைப்புக்கு ஏறக்குறைய 3 சதவீதம். எட்டுப் பத்து வாரப் பயிற்சி கேம்ப், ஸ்பாரிங் பார்ட்னர்களுக்கு வாரக்கூலி, சாப்பாடு, தங்குமிடம், பிறகு வரி. 1 லட்சம் டாலர் என்று செய்தியில் படித்தால், கைக்கு வருவது பாதியைத் தொட்டாலே பெரிசு.

அமெரிக்காவில் 2000ல் வந்த முகமது அலி சட்டத்தைப் பற்றி ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும். 10 ரவுண்டோ அதற்கு மேலோ உள்ள சண்டையில், புரமோட்டர் தனக்கு அந்தச் சண்டையால் எவ்வளவு வரப்போகிறது என்பதை பாக்ஸரிடம் தெரிவிக்க வேண்டும். புரமோட்டரும் மேனேஜரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. யூஎஃப்சி (கூண்டுக்குள் நடக்கும் எம்எம்ஏ சண்டை அமைப்பு) வீரர்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது. அவர்கள் போட்ட வழக்கு 37.5 கோடி டாலர் சமரசத்தில் 2025ல்தான் முடிந்தது. அதே 2025ல், அலி சட்டத்தில் புதிய வகை பாக்ஸிங் அமைப்புகளுக்கு இடம் தரும் திருத்த மசோதா அமெரிக்கக் காங்கிரஸில் வந்தது. ஒரு ரவுண்டுக்குக் குறைந்தபட்சம் 150 டாலர் என்ற நல்ல அம்சம் அதில் இருந்தது. ஆனால் தரவரிசையும் பெல்ட்டும் புரமோஷனும் ஒரே கையில் சேர வழி விடுகிறது. எனக்கு அது பயமாகத்தான் இருக்கிறது.

47_நிமிடம்

ஏன் தடுக்க முடியவில்லை என்பதற்கு என் பதில். 12 ரவுண்ட், ரவுண்டுக்கு 3 நிமிடம், 36. நடுவில் 11 இடைவேளை, ஒவ்வொன்றும் 1 நிமிடம். மொத்தம் 47 நிமிடம். கள்ள ஸ்ட்ரீமை எதிர்ப்பவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். 2வது ரவுண்டில் நாக்அவுட் ஆனால் அதுவும் இல்லை. ஒரு சினிமா வெளியான இரண்டாம் நாள் லிங்கை நீக்கினாலும் கொஞ்சம் பலன் உண்டு. சண்டையின் மதிப்பு கடைசி மணியோடு முடிந்துவிடும்.

அமெரிக்கச் சட்டப்படி உரிமையாளர் நோட்டீஸ் அனுப்பினால் தளம் "தாமதமின்றி" நீக்க வேண்டும். எத்தனை நிமிடத்துக்குள் என்று எழுதவில்லை. நோட்டீஸை ஒரு ஆள் படித்து, சரிபார்த்து, நீக்குவதற்குள் 8வது ரவுண்ட் வந்துவிடும். நீக்கிய நிமிடமே அதே படம் வேறு பெயரில் ஏறும்.

கால்பந்து லீக்கோடு ஒப்பிட்டுக் கேட்டீர்கள். லீக்குக்கு வருடம் முழுக்க அட்டவணை உண்டு. எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணி என்று ஆகஸ்டிலேயே தெரியும். பிரிட்டனில் 2017ல் பிரீமியர் லீக் நீதிமன்றம் போய், ஆட்டம் நடக்கும் நேரத்திலேயே கள்ள சர்வர்களை இணைய நிறுவனங்கள் முடக்க வேண்டும் என்று உத்தரவு வாங்கியது. அதைப் பார்த்து அங்குள்ள புரமோட்டர் நிறுவனமான மேட்ச்ரூம் பாக்ஸிங்கும் 2018 செப்டம்பரில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் அதே மாதிரி உத்தரவு பெற்றது. பாக்ஸிங்குக்குத் தேதி நிலையாக இல்லை, சண்டைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் என்பதால் உத்தரவின் ஏற்பாட்டையே மாற்ற வேண்டியிருந்தது. எந்த சர்வரை முடக்குவது என்று சண்டைக்கு முந்தைய நாட்களிலேயே கண்காணித்துப் பட்டியல் தயார் செய்ய வேண்டும். சண்டை தொடங்கிய பிறகு தேடினால் அது வீண்வேலை.

இன்னொரு தடுப்பு, படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் வைப்பது. ஒவ்வொரு சந்தாதாரருக்கும் போகும் படத்தில் சிறு வேறுபாடு இருக்கும். கள்ள ஸ்ட்ரீமைப் பிடித்து அதைப் படித்தால் எந்தக் கணக்கிலிருந்து கசிந்தது என்று தெரியும், அந்தக் கணக்கை வெட்டலாம். நடைமுறையில் தடுமாறும் இடம் நேரம்தான். அடையாளத்தைப் படிக்கப் போதுமான அளவு படம் சேர வேண்டும், அதற்குச் சில நிமிடம் ஆகும். திருடுகிறவர் நாலைந்து கணக்கை ஒரே நேரத்தில் வைத்து, ஒன்று வெட்டப்பட்டால் அடுத்ததற்கு மாறுவார். படத்தைச் சுருக்கி, ஓரத்தை வெட்டி, தரத்தை இறக்கி அனுப்பினால் அடையாளம் மங்கும்.

2015 மே 2, மேவெதர் பக்கியாவோ சண்டையின்போது திருட்டின் வடிவமே மாறியது. பெரிஸ்கோப், மீர்காட் ஆப்களில் ஆட்கள் டிவிக்கு எதிரே போனைப் பிடித்து நேரலை விட்டார்கள். தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. 2017 ஆகஸ்டில் மேவெதர் மெக்ரெகர் சண்டைக்கு இர்டெட்டோ என்ற பாதுகாப்பு நிறுவனம் 239 கள்ள ஸ்ட்ரீம்களைக் கண்டதாகவும், ஏறக்குறைய 29 லட்சம் பேர் பார்த்ததாகவும் சொன்னது. அதில் பெரும்பகுதி ஃபேஸ்புக், யூடியூப் மாதிரி சமூக ஊடகங்களில் போனவை. அதே வருடம் பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் மண்டைன் கிரீன் சண்டையைத் தன் வீட்டு டிவியிலிருந்து ஒருவர் ஃபேஸ்புக் நேரலையில் விட, லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். ஒளிபரப்பாளர் போன் செய்து நிறுத்தச் சொல்லும் சத்தமும் நேரலையிலேயே கேட்டது.

மேவெதர் மெக்ரெகர் அன்று காசு கட்டியவர்கள் நிலை என்ன? யூஎஃப்சியின் சொந்த ஸ்ட்ரீமிங் தளம் கூட்டம் தாங்காமல் பலருக்கு லாகின் ஆகவே இல்லை. கேபிள் பக்கமும் தடங்கல் வந்து மெயின் ஈவென்டின் தொடக்கத்தையே தள்ளிவைத்தார்கள். 100 டாலர் கட்டியவர் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, கட்டாதவர் முதல் ரவுண்டைப் பார்த்தார். அந்த ராத்திரி கள்ள ஸ்ட்ரீமுக்குக் கிடைத்த விளம்பரத்தை யாராலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

சட்டம் உண்மையில் கடிப்பது பார்களையும் உணவகங்களையும். வீட்டுக்கான விலையில் வாங்கி, கடையில் 150 பேருக்குக் காட்டுவார்கள். வணிக உரிமத்துக்கு அந்த இடத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதை வைத்துத் தனி விலை உண்டு. அமெரிக்காவில் இதற்கென்றே உரிமம் விற்கும் நிறுவனங்கள் சண்டை ராத்திரியில் ஆள் அனுப்பி, எத்தனை டிவி, எத்தனை தலை, எந்த ரவுண்ட் ஓடியது என்று குறிப்பெடுத்து, பிறகு வழக்குப் போடுவார்கள். சட்டத்தில் 1,000 முதல் 10,000 டாலர் வரை, லாபத்துக்காக வேண்டுமென்றே செய்ததாக நிரூபணமானால் கூடுதலாக 1 லட்சம் வரை. வீட்டில் பார்க்கிற தனி ஆள் மீது போவது அபூர்வம். 2021 ஏப்ரலில் ஜேக் பால், பென் ஆஸ்க்ரென் சண்டைக்குப் பிறகு அதை விற்ற ட்ரில்லர் நிறுவனம், திருட்டுத்தனமாகப் பார்த்தவர்கள் தாங்களாக முன்வந்து 49.99 டாலர் கட்டினால் விட்டுவிடுகிறோம், இல்லாவிட்டால் வழக்கு என்று மிரட்டியது. அதனால் ரசிகர்களின் கோபம்தான் மிஞ்சியது.

2020 டிசம்பரில் வந்த அமெரிக்கச் சட்டம் கள்ள ஸ்ட்ரீம் சேவை நடத்துவதையே பெருங்குற்றம் ஆக்கியது. பார்க்கிறவரை அது தொடவில்லை. 2025ல் ஸ்ட்ரீம்ஈஸ்ட் என்ற கள்ள ஸ்ட்ரீம் வலையமைப்பை எகிப்தில் மூடியதாக அறிவித்தார்கள், 80 டொமைன்கள். பெரிய வேலைதான். ஆனாலும் அடுத்த சண்டைக்கு வேறு பெயரில் தளங்கள் இருந்தன.

மூலை_ஸ்டூல்

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் வரிசையை மாற்ற வேண்டும். கள்ள ஸ்ட்ரீம் காய்ச்சல் மாதிரி. நோய் புரமோட்டர்கள் கட்டிய சுவர்களில் இருக்கிறது.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் பாக்ஸிங்குக்கு நிலையான இரண்டு வீடு இருந்தது, இரண்டும் சந்தா டிவி சேனல்கள். எச்பிஓ, 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் நடந்த ஃபோர்மேன் ஃப்ரேசியர் சண்டையில் தொடங்கி 2018 டிசம்பர் வரை. ஷோடைம், 1986 முதல் 2023 டிசம்பர் வரை. மாதச் சந்தா கட்டினால் நடுத்தர நிலைச் சண்டைகளும் தரமானவையாக வரும், பெரியது மட்டும் பிபிவி. 1991 ஏப்ரலில் ஹோலிஃபீல்ட் ஃபோர்மேன் சண்டையோடு எச்பிஓ பிபிவிக்குள் நுழைந்தபோது அது அபூர்வ நிகழ்வுக்கான விலை. பிறகு என்ன ஆனது? சந்தாவில் வந்திருக்க வேண்டிய சண்டையை 70, 75 டாலருக்கு விற்க ஆரம்பித்தார்கள். எதிராளி யாரென்று ரசிகருக்கே தெரியாது, சண்டை 4 ரவுண்டில் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும், விலை மட்டும் உலகப்போர் விலை.

டாஜோன் என்ற விளையாட்டு ஸ்ட்ரீமிங் சேவை 2018 செப்டம்பரில் அமெரிக்காவுக்கு வந்தபோது மாதம் 9.99 டாலர், "பிபிவி செத்துப்போச்சு" என்று விளம்பரம். மெக்சிகோ நட்சத்திரம் கனெலோவுக்கு 11 சண்டைக்கு 36.5 கோடி டாலர் ஒப்பந்தம். 2019லேயே மாதச் சந்தா 19.99 ஆனது. 2020ல் கனெலோவே வழக்குப் போட்டு ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினார். 2022 மே மாதம் கனெலோ பிவோல் சண்டையை டாஜோன் பிபிவியாக விற்றது. சந்தா கட்டியவருக்கு 59.99, கட்டாதவருக்கு 79.99. செத்துப்போச்சு என்று சொன்ன வாயே விற்றது. ரசிகரை ஒரு தடவை இப்படி ஏமாற்றினால், அடுத்த தடவை அவர் லிங்க் தேடுவதற்கு மனசாட்சி உறுத்தாது. நான் திருட்டை நியாயப்படுத்தவில்லை. அந்தப் பழக்கம் எப்படி உண்டானது என்று சொல்கிறேன்.

அடுத்தது, நடக்க வேண்டிய சண்டை நடக்காதது. மேவெதர் பக்கியாவோ பேச்சு 2009ல் தொடங்கியது, சண்டை 2015ல். இருவருமே உச்சத்தைத் தாண்டியிருந்தார்கள். 46 லட்சம் பேர் 90, 100 டாலர் கட்டி வாங்கினார்கள், அந்த எண்ணிக்கை இன்றும் சாதனை. வாங்கியவர்களில் பலர் ஏமாந்த உணர்வோடு எழுந்தார்கள். பக்கியாவோவின் தோள் காயத்தை மறைத்துவிட்டார்கள் என்று வழக்கே போட்டார்கள், மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். ஸ்பென்ஸ் கிராஃபர்ட் பேச்சு 2022ல் முறிந்தது, 2023 ஜூலையில்தான் நடந்தது. ஃப்யூரி ஜோஷ்வா சண்டையை 2021 ஆகஸ்டுக்கு அறிவித்தே விட்டார்கள். ஃப்யூரிக்கு வைல்டருடன் மூன்றாவது சண்டை பாக்கி என்று ஒப்பந்தத் தகராறை விசாரித்த ஆர்பிட்ரேட்டரின் தீர்ப்பு மே மாதம் வந்து எல்லாம் கலைந்தது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து இருக்கிறது என்று ரசிகருக்கு யார் சொன்னார்கள்?

பர்ஸ் பிட் என்ற ஏலத்தை எடுத்துக்கொள்வோம். சாம்பியனும் கட்டாயச் சவாலாளரும் ஒத்துவராவிட்டால் பெல்ட் அமைப்பு ஏலம் விடும். அதிகத் தொகை எழுதும் புரமோட்டருக்குச் சண்டை போகும், அந்தத் தொகையை அமைப்பு சொல்லும் விகிதத்தில் இருவருக்கும் பிரிக்க வேண்டும். 2022 ஜனவரியில் ஃப்யூரி வைட் சண்டைக்கு 4.1 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது, விகிதம் 80க்கு 20. ஏப்ரலில் வெம்ப்ளியில் 94,000 பேர். ஏலம் ஒழுங்காக நடந்தால் இப்படி.

கெட்டுப்போனால் எப்படி என்பதற்கு டியோஃபிமோ லோபஸ், ஜார்ஜ் கம்போசஸ் சண்டை உதாரணம். 2021 பிப்ரவரியில் ட்ரில்லர் 60 லட்சத்து 18 ஆயிரம் டாலர் எழுதியது. இரண்டாவதாக வந்த மேட்ச்ரூம் எழுதியது 35 லட்சம். லோபஸின் சொந்த புரமோட்டர் அதற்கும் கீழே. எல்லோரும் கைதட்டினார்கள், பாக்ஸருக்கு நல்ல காசு என்று. பிறகு தேதி மாறியது, லோபஸுக்குக் கோவிட் வந்தது, மறுபடி தேதி, மறுபடி இடம். ஒவ்வொரு தேதிக்கும் இருவரும் கேம்ப் போட வேண்டும், எடையை இறக்க வேண்டும், ஸ்பாரிங் ஆளுக்குக் கூலி தர வேண்டும். அக்டோபரில் ட்ரில்லர் தவறிவிட்டதாக பெல்ட் அமைப்பான ஐபிஎஃப் அறிவித்து உரிமையை மேட்ச்ரூமுக்கு மாற்றியது. நவம்பர் 27ல் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் பழைய குறைந்த தொகைக்குச் சண்டை நடந்தது. வருடத்தின் பெரும்பகுதி போய்விட்டது. பாக்ஸருக்கு நல்ல வருடங்கள் இருப்பதே ஏழெட்டு.

பெல்ட் விஷயம் நீங்கள் எல்லோரும் அறிந்ததே. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நாலு அமைப்பு, குறைந்தது 17 எடைப் பிரிவு. அதற்கு மேல் இடைக்காலப் பட்டம், சூப்பர், ரெகுலர். ஒவ்வொரு பெல்ட்டுக்கும் கட்டணம். பெல்ட் பெருகப் பெருக "உலக சாம்பியன்" என்ற சொல்லுக்கு விலை குறைகிறது, அதை வைத்து 80 டாலர் கேட்க முடியாமல் போகிறது.

இடதுகை_ஜாப்

நன்றி, மூவருக்கும். ரிங்சைடு சார் போட்ட கணக்கு எனக்கு முழுக்கப் புதுசு. ஒரு சந்தேகம். எல்லாமே மேல்மட்டத்தைப் பற்றி இருக்கிறது. டிவியிலேயே வராத பாக்ஸர்கள்தானே அதிகம்? அவர்களுக்குக் கள்ள ஸ்ட்ரீமால் ஏதாவது உண்டா?

சின்ன_ஹால்

அவர்களுக்கு ஸ்ட்ரீமை விட ரசிகர் வராததுதான் பிரச்சினை. பிரிட்டன் முறையைச் சொல்கிறேன், அங்கேதான் இது அப்பட்டமாகத் தெரியும்.

லெஷர் சென்டர், டவுன் ஹால் மாதிரி 500 முதல் 1,000 பேர் அமரும் இடத்தில் நடக்கும் ஷோவில் இரண்டு மூலை. ஹோம் பாக்ஸர் டிக்கெட் விற்பவர். அவே பாக்ஸர் கூலிக்கு வருபவர், ஜர்னிமேன். 4 ரவுண்டுக்கு அவருக்கு ஏறக்குறைய 1,200 முதல் 1,500 பவுண்ட். அந்தத் தொகையை யார் தருகிறார்கள் தெரியுமா? ஹோம் பாக்ஸர் விற்ற டிக்கெட்டிலிருந்து. மாதிரிக் கணக்கு: டிக்கெட் 45 பவுண்ட். எதிராளிக்கு 1,400, ஷோ செலவில் இவர் பங்கு 1,800 என்றால் 3,200 பவுண்ட். 72 டிக்கெட் விற்கும் வரை இவருக்கு ஒரு பென்னி கிடையாது. 100 விற்றால் அந்தச் செலவு போக மீதி 1,300 பவுண்டை புரமோட்டருடன் பேசிய விகிதத்தில் பிரித்து, அதில் பயிற்சியாளர் பங்கு கழித்து, வருட மூளை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, லைசன்ஸ் கட்டணம் கழித்தால் என்ன மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள். 60தான் விற்றதென்றால் சண்டையே ரத்து ஆகலாம், அல்லது கடனில் ரிங் ஏறுவார்.

எடை பார்க்கும் நாளை நினைத்துப் பாருங்கள். இரண்டு நாளாகத் தண்ணீரைக் குறைத்து உதடு வெடித்திருக்கும். தராசிலிருந்து இறங்கி முதல் மடக்கு குடிப்பதற்கு முன் போனை எடுத்து, "அந்த மூணு டிக்கெட்டை வாசல்ல வச்சிருக்கேன், காசு அப்புறம் குடு மச்சி" என்று பேசிக்கொண்டிருப்பார். ரப்பர் பேண்ட் போட்ட டிக்கெட் கட்டு பையில் கையுறைக்குப் பக்கத்தில் இருக்கும். மறுநாள் சண்டை.

அந்த ஷோ செலவில் குறைக்கவே முடியாதது மருத்துவம். 1991 செப்டம்பரில் யூபேங்க்குடன் மோதிய மைக்கேல் வாட்சன் மூளையில் ரத்தக்கசிவோடு விழுந்தார். உயிர்மீட்புச் சாதனத்தோடு மருத்துவர் ரிங் ஓரத்தில் இல்லை, முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவு இல்லை. பிரிட்டிஷ் பாக்ஸிங் கட்டுப்பாட்டு வாரியம்தான் பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு மருத்துவர்கள், ஆம்புலன்ஸ், பக்கத்து நரம்பு அறுவை மையத்துக்கு முன்தகவல் எல்லாம் கட்டாயம். 300 பேர் வந்தாலும் 3,000 பேர் வந்தாலும் அந்தச் செலவு அதேதான். அதைக் குறைக்கச் சொல்லவும் கூடாது. அதனால் 50 நாற்காலி காலியானால் வெட்டு விழுவது பாக்ஸர் கூலியில்.

இதன் இன்னொரு விளைவு பலருக்குத் தெரியாது. டிக்கெட் விற்கிறவர் தோற்றால் அவருடைய ஆட்கள் அடுத்த ஷோவுக்கு வர மாட்டார்கள். எனவே அவரைத் தோற்கடிக்காத எதிராளியாகவே பார்த்து எடுப்பார்கள். பீட்டர் பக்லி என்பவர் 300 சண்டை ஆடி 256ல் தோற்றவர். பாதுகாப்பாக ஆடத் தெரிந்த, இளையவனுக்குப் பாடம் சொல்லித்தருகிற திறமைசாலி. அவரைப் போன்றவர்கள் இல்லாமல் பிரிட்டிஷ் பாக்ஸிங் ஒரு வாரம் ஓடாது. ஆனால் நல்ல திறமையுள்ள, 30 டிக்கெட்டுக்கு மேல் விற்கத் தெரியாத கூச்ச சுபாவக்காரனுக்கு ஹோம் மூலை கிடைக்காது. அவன் அவே மூலைக்குத் தள்ளப்படுவான் அல்லது விட்டுவிடுவான். எனக்கு இந்த முறையில் மிகவும் வலிக்கிற இடம் இது.

தராசு_147

மூலை_ஸ்டூல் அண்ணா எல்லாவற்றையும் புரமோட்டர் தலையில் போடுகிறார், அதோடு நான் உடன்படவில்லை. தோல்வியே இல்லாத ரெக்கார்டைக் கும்பிடுவது யார்? நாம்தான். மேவெதர் 50-0 என்ற எண்ணை விற்றார், நாம் வாங்கினோம். இன்று 24 வயதுப் பையன் ஒரு நெருக்கமான சண்டையில் புள்ளிக் கணக்கில் தோற்றால் மறுநாள் காலை "எக்ஸ்போஸ் ஆயிட்டான்" என்று எழுதுகிறோம். அதைப் படிக்கிற மேனேஜர் அடுத்த பையனைக் கடினமான சண்டைக்கு விடுவாரா?

சுகர் ரே ராபின்சன் 19 முறை தோற்றவர். அலி 5 முறை. யாரும் அவர்களை அழித்துவிடவில்லை. இப்போதும் அதற்கு உதாரணம் உண்டு. பிவோல் 2024 அக்டோபரில் பெட்டர்பியெவிடம் தோற்றார், நாலு மாதத்தில், 2025 பிப்ரவரியில், அதே ஆளை மறுபடி எதிர்கொண்டு ஜெயித்தார். இருவர் மதிப்பும் கூடியது.

பொறுமையும் நம்மிடம் இல்லை. ஜாப் (முன்கையால் நேராகக் குத்துவது) போட்டு, தூரம் அளந்து, எதிராளியைத் தவறவிட வைக்கிற பாக்ஸரைப் பார்த்து 3வது ரவுண்டிலேயே கூச்சல். ஒளிபரப்பாளர் அந்தக் கூச்சலைக் கேட்கிறார். அடுத்த கார்டில் (அன்றைய சண்டைப் பட்டியலில்) அவருக்கு இடமில்லை.

பிரபலங்களின் சண்டையைப் பற்றி எல்லோரும் பொதுவாகத் திட்டுவார்கள். நான் பாதிதான் திட்டுவேன். 2024 நவம்பரில் ஜேக் பால், டைசன் மோதல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. டைசனுக்கு 58 வயது, 2 நிமிட ரவுண்டாக 8. ஒரே நேரத்தில் 6.5 கோடி ஸ்ட்ரீம் வரை ஓடி, பலருக்குப் படம் உறைந்து உறைந்து வந்தது. அந்த மெயின் ஈவென்டை டெக்சாஸ் தொழில்முறைச் சண்டையாக அனுமதித்திருக்கவே கூடாது என்பது என் கருத்து. ஆனால் அதற்கு முந்தைய சண்டை கேட்டி டெய்லர், அமாண்டா செரானோ. கோடிக்கணக்கானவர்கள் முதன்முறையாகப் பார்த்தார்கள். அடுத்த ஜூலையில் அவர்களின் மூன்றாவது சண்டை மேடிசன் ஸ்குவேர் கார்டனில், முழுக்கப் பெண்கள் கார்டாகவே நடந்தது.

மூலை_ஸ்டூல்

தம்பி, ரெக்கார்டு பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அதில் என் தப்பும் உண்டு.

நெட்ஃபிளிக்ஸ் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். 2025 செப்டம்பரில் கனெலோ கிராஃபர்ட் சண்டையைத் தனிக் கட்டணம் இல்லாமல் சந்தாவிலேயே காட்டினார்கள். 4.1 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்ததாக நிறுவனம் சொன்னது. பிபிவியாக இருந்தால் அதில் சின்னப் பங்குதான் வாங்கியிருக்கும், மீதிப் பேர் லிங்க் தேடியிருப்பார்கள். நம் ஊரிலும் தனியாகக் காசு கட்டாமல் ஒழுங்காகப் பார்க்க முடிந்தது. ஆனால் இது எல்லா வாரமும் நடக்காது. பெரிய தளத்துக்கு வருடத்துக்கு மூன்று நாலு பெரிய பெயர் போதும். சவுதிப் பணமும் உச்சியில்தான் கொட்டுகிறது. நடுமட்டத்துக்கு வீடு இல்லை. புரமோட்டர் நிறுவனமான டாப் ராங்குக்கு இஎஸ்பிஎன் சேனலோடு இருந்த ஒப்பந்தம் 2025ல் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. அந்தத் தேதிகளில் ஆடிக்கொண்டிருந்த 10 ரவுண்ட் பாக்ஸர்கள்தான் தவித்தார்கள்.

ரிங்சைடு_கணக்கு

இடதுகை_ஜாப், கடைசியாக உங்களுக்கு நடைமுறையில் உதவுகிற சில விஷயம்.

மாதம் ஏதோ ஒரு சின்னத் தொகைக்கு "எல்லா சேனலும்" தரும் கள்ள ஐபிடிவி (இணைய டிவி) பெட்டியை மட்டும் வாங்காதீர்கள். நீங்கள் காசு கட்டுகிறீர்கள், ஆனால் அதில் ஒரு பைசா பாக்ஸிங்குக்குள் வராது, உங்கள் வங்கி கார்டு விவரமும் போகும். இலவச லிங்க்கை விட இதை நான் மோசமாகப் பார்க்கிறேன்.

வாங்கும் முன் அண்டர்கார்டைப் பாருங்கள். மெயின் ஈவென்டைத் தவிர நீங்கள் பார்க்க விரும்பும் சண்டை இரண்டாவது இல்லையென்றால் அந்த பிபிவியை விட்டுவிடுங்கள். வாங்காமல் இருப்பதும் புரமோட்டருக்குப் புரிகிற பாஷை. லிங்க்கில் பார்த்தால் "ஆர்வம் இருக்கு, திருட்டுதான் கெடுத்தது" என்று அவர்கள் அடுத்த பேரத்தில் சொல்லிக்கொள்வார்கள்.

வாங்கினால் மெயின் ஈவென்ட் நேரத்துக்கு லாகின் செய்யாதீர்கள், முதல் அண்டர்கார்டு சண்டைக்கே உள்ளே போய்விடுங்கள். சர்வர் விழுவது கடைசி 20 நிமிடக் கூட்டத்தில்தான். டிவியில் ஆப்பை முந்தின நாளே அப்டேட் செய்து, முடிந்தால் வைஃபைக்குப் பதில் கேபிள் போடுங்கள். படம் உறைந்தால் நேரத்தோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அன்றே பணம் திருப்பிக் கேளுங்கள். ஸ்ட்ரீம் டிவியை விட அரை நிமிடம் வரை பின்தங்கும் என்பதால் இந்தக் குழுவின் நோட்டிஃபிகேஷனையும் அணைத்துவிடுங்கள், இங்கே நாக்அவுட்டை முதலில் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிரிட்டனில் இருக்கும் நம் ஆட்களுக்குத் தனியாக: சின்ன_ஹால் சொன்ன ஷோவுக்குப் போவதென்றால் டிக்கெட்டைப் பொதுத் தளத்தில் வாங்காதீர்கள். அந்த பாக்ஸருக்கே மெசேஜ் அனுப்பி அவரிடமே வாங்குங்கள். அப்படி விற்றால்தான் பெரும்பாலும் அது அவர் கணக்கில் ஏறும்.

சின்ன_ஹால்

ஆமாம், அதிலும் ஒரு வாரம் முன்னாடியே காசைக் கொடுத்துவிடுங்கள். எடை பார்க்கும் நாளில் அவர் போனை எடுக்க வேண்டியிருக்காது.